திரை ஒன்று, விலை மூன்று: மடிக்கணினிப் பழுதுக்குக் கேட்கும் தொகையின் பின்னணி

சென்ற ஆண்டு இறுதியில் என் மடிக்கணினியின் திரை மினுங்கத் தொடங்கியது. மூடியைப் பின்னால் சாய்த்து வைத்தால் படம் தெளிவாக இருக்கும். சற்று நிமிர்த்தினால் இடப்பக்க ஓரத்தில் பச்சைக் கோடுகள் கிளம்பி, சில நொடிகளில் திரை முழுவதும் இருண்டுவிடும். வாங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டதால் உத்தரவாதம் முடிந்திருந்தது. அங்கீகாரம் பெற்ற சேவை நிலையம் ஒன்றில் பொருள் சேவை வரியுடன் 782 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஆகும் என்றார்கள். வீட்டுக்கு அருகிலுள்ள கடைத்தொகுதியில் இருந்த பழுதுபார்ப்புக் கடையில் 320 வெள்ளி கேட்டார்கள். சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த வளாகமான சிம் லிம் ஸ்குவேரின் மேல்மாடிக் கடை ஒன்றில், கணினியைத் திறந்து பார்த்த பிறகு, 110 வெள்ளி போதும் என்றார்கள்.

ஒரே கணினிக்கு ஏழு மடங்கு வித்தியாசத்தில் விலை கேட்கும்போது, யாரோ ஒருவர் நம்மை ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மூன்று மதிப்பீடுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் படித்தபோது, மூவரும் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு விலை சொல்லியிருப்பது தெரிந்தது. சேவை நிலையம் மூடிப் பகுதி முழுவதையும் மாற்றுவதற்கு விலை சொன்னது; அருகிலிருந்த கடை காட்சிப் பலகத்தை மட்டும் மாற்றுவதற்குச் சொன்னது; சிம் லிம் கடைக்காரர் பலகத்தையும் கணினியின் முதன்மை மின்சுற்றான தாய்ப்பலகையையும் (மதர்போர்டு) இணைக்கும் கேபிளுக்கு மட்டும் சொன்னார். மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படுவது மாற்றப்போகும் பாகத்தின் விலை. எந்தப் பாகம் கெட்டது என்ற செய்தி அந்தத் தாளில் பெரும்பாலும் இருப்பதில்லை. திரைப் பழுதுக்காகப் பணம் கொடுக்கப்போகும் எவரும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிறகே தொகையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘திரை’ என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவது பல பாகங்களின் அடுக்கு. பெரும்பாலான மடிக்கணினிகளில் இருப்பது எல்.சி.டி. எனப்படும் திரவப் படிகத் திரை. அதன் அடியில் எல்.இ.டி. விளக்குகள் ஒரு வரிசையாக இருக்கும். அவற்றின் ஒளியைத் திரை முழுவதும் சமமாகப் பரப்பும் மெல்லிய தாள்கள் அதற்கு மேல் இருக்கும். அவற்றுக்கு மேல், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே, திரவப் படிகம் அடைக்கப்பட்டிருக்கும். கண்ணாடியின் ஓரத்தில் நூல் போன்ற கம்பித் தடங்கள் கொண்ட நெகிழ்தாள்கள் ஒட்டப்பட்டு, கீழே உள்ள ஒல்லியான மின்சுற்றுப் பட்டையோடு சேரும். இவை யாவும் சேர்ந்த காட்சிப் பலகத்தைத்தான் கடைக்காரர்கள் ‘பேனல்’ என்கிறார்கள். பேனலின் பின்புறத்தில் 30 அல்லது 40 முனைகள் கொண்ட இணைப்பியில் செருகப்பட்ட கேபிள், கீல் வழியாக வளைந்து இறங்கித் தாய்ப்பலகையில் போய்ச் சேர்கிறது. பேனல், கேபிள், கீல்கள், கேமரா, ஒலிவாங்கி, வைஃபை ஆண்டெனா, வெளி மூடி ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் அது ‘டிஸ்ப்ளே அசெம்பிளி’.

எந்த அடுக்கு கெட்டது என்பதைத் திரையே ஓரளவுக்குச் சொல்லிவிடும். மை கொட்டியதுபோல் கருங்கறை பரவி, அதிலிருந்து கீறல்கள் கிளைத்தால், உடைந்தது கண்ணாடி. பேனலை மாற்றியே ஆகவேண்டும். மேலிருந்து கீழாக ஒற்றைக் கோடு ஒன்று நாள் முழுவதும் அசையாமல் நின்றால், கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டப்பட்ட நெகிழ்தாளின் பிடி விட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் பேனலை மாற்றுவதே வழி. படம் தெரியாமல் இருண்டிருந்தாலும், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்து அடித்தால் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்றால், படிகம் வேலை செய்கிறது, எல்.இ.டி. விளக்குகள் தரும் பின்னொளிதான் இல்லை. மூடியின் கோணத்தைப் பொறுத்துக் கோடுகள் வந்து போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. வெள்ளைப் புள்ளிகள் திட்டுத்திட்டாகத் தெரிந்தால், மூடிய கணினியின்மேல் ஏதோ அழுத்தியிருக்கிறது. புத்தகப் பை அழுத்தியிருக்கலாம், உப்பிப்போன பேட்டரி கீழிருந்து தள்ளியும் இருக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் திரையைப் பற்றிய பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே கால் மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. முதலாவது, எச்.டி.எம்.ஐ. கம்பி கொண்டு கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைப்பது. தொலைக்காட்சியில் படம் சுத்தமாக வந்தால், கணினியின் வரைகலைப் பகுதி பெரும்பாலும் நலமாக இருக்கிறது, குறை திரைப் பக்கத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம். தொலைக்காட்சியிலும் அதே கோடுகள் வந்தால், எத்தனை புதிய பேனல் போட்டாலும் பயனில்லை. இரண்டாவது, கோடுகள் தெரியும்போதே திரையைப் படம்பிடித்து, அதாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்ப்பது. அதில் கோடுகள் இல்லாவிட்டால் கணினி உருவாக்கிய படம் சரியானது, அது திரைக்குப் போகும் வழியிலோ திரையிலோதான் கெடுகிறது. மூன்றாவது, கணினியை அணைத்து மீண்டும் இயக்கி, விண்டோஸ் தொடங்கும் முன்பாகவே வரும் பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் குறை தெரிகிறதா என்று கவனிப்பது. அங்கேயும் தெரிந்தால் மென்பொருளை மீண்டும் நிறுவச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. டெல் நிறுவனக் கணினிகளில் ‘டி’ விசையை அழுத்திக்கொண்டே மின்விசையை இயக்கினால், திரை தன்னைத்தானே சோதித்துக்கொண்டு முழுமையான வண்ணங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். அந்த வண்ணங்களிலும் கோடு இருந்தால் குறை பேனலில் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மூடி மூடப்பட்டதை உணர்வதற்காகப் பல கணினிகளில் காந்தத்தை அறியும் சிறு உணரி இருக்கும். காந்தப் பூட்டுள்ள கைக்கடிகாரப் பட்டையோ கைப்பேசி உறையோ அதன் அருகில் வந்தால், மூடி மூடப்பட்டுவிட்டதாக எண்ணிக் கணினி திரையை அணைத்துவிடும். விலை கேட்கும் முன் கையில் இருப்பதைக் கழற்றிவிட்டு ஒருமுறை பார்ப்பது நல்லது.

சிம் லிம் கடையில் இருந்த இளைஞர் தமிழர். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன்பே அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பி, மூடியை விரலால் மெல்ல மெல்ல நிமிர்த்தினார். ஏறக்குறைய செங்குத்தாக வந்ததும் பச்சைக் கோடுகள் எழுந்தன. இரண்டு விரல் அளவு பின்னால் சாய்த்ததும் மறைந்தன. அதையே மூன்று முறை செய்து பார்த்தார். பிறகு அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றி, பேட்டரியின் இணைப்பை முதலில் பிரித்துவிட்டு, திரையைச் சுற்றியிருந்த சட்டத்தை நகத்தால் நெம்பி எடுத்தார். கீல் வளையும் இடத்தில் கேபிளைச் சுற்றியிருந்த கறுப்புத் துணிநாடா தேய்ந்து, உள்ளிருந்த மெல்லிய கம்பிகள் பளபளத்தன. கைவிளக்கை அங்கே பிடித்து, “பேனல் நல்லாத்தான் இருக்குண்ணே. இந்த இடத்தப் பாருங்க, திறந்து மூடித் திறந்து மூடியே தேஞ்சுபோச்சு” என்றார். 782 வெள்ளிக்கான தாள் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

சேவை நிலையம் செய்ததை முழுக்கத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். நாள் ஒன்றுக்குப் பல கணினிகளைக் கையாளும் இடத்தில், ஒவ்வொன்றையும் பிரித்துக் கம்பி வரை ஆராய்வதற்கு நேரம் ஒதுக்கினால் உழைப்புக் கூலியே ஏறிவிடும். முழு அசெம்பிளியை மாற்றினால் வேலை விரைவாக முடியும், அதே குறை திரும்ப வரும் வாய்ப்பு குறையும், செய்த வேலைக்கு உத்தரவாதம் தருவதும் எளிது. உதிரிபாகங்களை நிறுவனமே அசெம்பிளியாக மட்டும் அனுப்பினால், கேபிளைத் தனியாக மாற்ற நினைக்கும் தொழில்நுட்பருக்கும் வழியில்லை. ஆனால் இந்த வசதிகள் எல்லாவற்றுக்கும் விலை கொடுப்பவர் வாடிக்கையாளர். அதை அவரிடம் சொல்லிவிட்டு, மாற்றுவழி உண்டா இல்லையா என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். ‘திரை போய்விட்டது’ என்ற இரண்டு சொற்கள் அதற்குப் போதாது.

மலிவான பாகம் ஒன்று விலையுயர்ந்த பாகத்தோடு பிரிக்க முடியாமல் சேர்க்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு, 2016ஆம் ஆண்டு வெளிவந்த மேக்புக் புரோ கணினிகள் தெளிவான சான்று. அவற்றில் பின்னொளிக்கான மெல்லிய நெகிழ்கேபிள், கீலுக்கு அருகே மின்சுற்றுப் பலகையின்மேல் வளைந்து செல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. திறந்து மூடும்போதெல்லாம் அது உராய்ந்து, முதலில் திரையின் அடியில் மேடை விளக்குகளைப் போன்ற ஒளித்திட்டுகள் தோன்றின. பிறகு மூடியை ஓரளவுக்கு மேல் திறந்தாலே பின்னொளி அணைந்தது. கேபிள் காட்சிப் பகுதியோடு ஒன்றாகச் சேர்ந்திருந்ததால், அதை மட்டும் மாற்ற முடியவில்லை. 2019 ஜனவரியில், பழுதுபார்ப்பு வழிகாட்டிகளை வெளியிடும் ஐஃபிக்ஸ்இட் நிறுவனம் இதை ஆராய்ந்து, சில அமெரிக்க டாலர் பெறுமான பாகத்தின் குறை 600 டாலர் செலவாக முடிகிறது என்று எழுதியது. 2018ஆம் ஆண்டு வெளிவந்த கணினிகளில் அந்தக் கேபிள் 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருந்ததும் பிறகு கவனத்துக்கு வந்தது. 2019 மே மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் 2016ஆம் ஆண்டின் 13 அங்குலக் கணினிகளுக்கு இலவசச் சேவைத் திட்டத்தை அறிவித்தது. 15 அங்குலக் கணினிகள் அதில் சேர்க்கப்படவில்லை. இதைப் படித்த பிறகு, பழைய கணினிக்கு யார் பெரிய தொகை கேட்டாலும், அந்த மாடலுக்கு நிறுவனம் ஏதேனும் இலவசத் திட்டம் அறிவித்திருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கும்படி என் நண்பர்களிடம் சொல்லிவருகிறேன்.

பேனல்தான் கெட்டது என்று உறுதியானால், அடுத்த கேள்வி எந்தப் பேனல் என்பது. மடிக்கணினியின் மேல் எந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் பேனலைப் பி.ஓ.இ., ஏ.யூ.ஓ., இன்னோலக்ஸ், எல்.ஜி. டிஸ்ப்ளே, சாம்சங் டிஸ்ப்ளே, ஷார்ப் போன்ற சில நிறுவனங்களே செய்கின்றன. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மானிட்டர் என்பதன் வன்பொருள் அடையாளத்தைப் பார்த்தால், பேனல் நிறுவனத்தின் மூன்றெழுத்துக் குறியும் ஓர் எண்ணும் இருக்கும். முழுக் குறியீடு பேனலின் முதுகில் ஒட்டிய தாளில் இருக்கும். அதைக் கொண்டு தேடினால் அதே பேனல் வெளியில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தொடுதிரை இல்லாத, 15.6 அங்குல, முழு எச்.டி. பேனல் பல கணினிகளுக்குப் பொதுவானது. ஆகவே எளிதில் கிடைக்கும், விலையும் அடங்கி இருக்கும். தொடுதிரைக் கண்ணாடி பேனலோடு ஒட்டப்பட்ட வகையும், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் வகையும், மிக நுணுக்கமான படம் காட்டும் 4கே வகையும், விளையாட்டுக் கணினிகளில் வரும் வேகமான வகையும் அப்படி அல்ல; அவற்றுக்கு 500 வெள்ளியைத் தாண்டிய விலை கேட்டால் அதனாலேயே சந்தேகப்பட வேண்டியதில்லை. சில நிறுவனக் கணினிகளில் வெளிக்கடையில் திரையை மாற்றினால், நிறத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி போன்றவை வேலை செய்யாமல் போகலாம். அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூடியைத் தாமே திறந்து பேனலை மாற்றிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லெனோவோ, டெல், எச்.பி. நிறுவனங்கள் பல மாடல்களுக்குப் பராமரிப்புக் கையேடுகளை இணையத்தில் வெளியிட்டிருக்கின்றன. அதைப் படிக்காமல் திருகைத் தொடாதீர்கள். பேட்டரியைப் பிரிக்காமல் திரைக் கேபிளை உருவினால், பின்னொளிக்கான மின்சாரம் பக்கத்து முனையில் பாய்ந்து, தாய்ப்பலகையில் உள்ள அரிசி அளவு ஃபியூஸ் எரிந்துபோகக்கூடும். அப்படி எரிந்த பிறகு நல்ல பேனலைப் போட்டாலும் திரை இருட்டாகவே இருக்கும். அந்த ஃபியூஸை மட்டும் மாற்றத் தெரிந்தவரிடம் போகாவிட்டால், தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்ற இன்னொரு மதிப்பீடு கையில் வந்து சேரும்.

கணினி புதியதாக இருந்தால் கதை வேறு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, ‘லெமன் சட்டம்’ என்று வழங்கும் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் பொறுப்பு. அவர் தம் செலவில் நியாயமான காலத்துக்குள் பழுதுபார்த்துத் தரவேண்டும் அல்லது வேறொன்று தரவேண்டும். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறவோ வாங்கியவர் கோரலாம். பயன்படுத்திய பொருள்களுக்கும் இது பொருந்தும். இங்கே கவனிக்க வேண்டியது, பொறுப்பு விற்ற கடைக்கு உரியது என்பது. ‘நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போங்கள்’ என்ற பதிலோடு கடை விலகிக்கொள்ள முடியாது. ஆனால் கீழே போட்டதாலோ தண்ணீர் கொட்டியதாலோ வந்த சேதத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. அதனால்தான் கீல் பக்கத்தில் சிறு கீறல் இருந்தாலும் ‘வாடிக்கையாளர் ஏற்படுத்திய சேதம்’ என்று எழுதிவிடும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. கணினியை ஒப்படைக்கும்போதே எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பிற்பாடு பேசுவதற்குச் சான்று இருக்கும்.

பேச்சு முறிந்தால், 1971இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அது கடைக்காரரோடு பேசித் தீர்க்கவும் சமரசம் செய்யவும் உதவும். அதற்கு அப்பால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. பொருள் விற்பனை, சேவை ஒப்பந்தம் ஆகிய இரண்டும் அதன் வரம்புக்குள் வருவதால், சரியாகச் செய்யப்படாத பழுதுபார்ப்பு வேலைக்கும் அங்கே கோரிக்கை வைக்கலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் ஒப்பினால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும் அது விசாரிக்கும். வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். மடிக்கணினியின் பெறுமானத்துக்கு இது ஏற்ற இடம்தான். ஆயினும் எழுத்தில் எதுவும் இல்லாமல் அங்கே போய் நின்றால் பயனில்லை.

ஊருக்குப் போகும்போது சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் காட்டிக்கொள்ளலாம் என்று பலர் சொல்வதைக் கேட்கிறேன். அங்கே உழைப்புக் கூலி குறைவு, கேபிள் வரை பிரித்துப் பார்க்கும் கைத்தேர்ச்சியும் உண்டு. உத்தரவாதம் முடிந்த கணினிக்கு அது நல்ல வழிதான். ஆனால் ஒரு வாரப் பயணத்தில் பேனல் வர ஐந்து நாள் ஆனால், சோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. சிங்கப்பூர் திரும்பியபின் மீண்டும் கோடு விழுந்தால் எடுத்துக்கொண்டு போக இடமும் இருக்காது.

பிள்ளைகளின் பள்ளிக் கணினியைப் பொறுத்தவரை, 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்று கல்வி அமைச்சு வழிசெய்தது. அப்படி வாங்கிய சாதனத்தின் திரை உடைந்தால் வெளிக்கடைக்கு ஓடாமல், வாங்கிய தொகுப்பில் உத்தரவாதமும் காப்பீடும் என்னென்ன ஈடுசெய்கின்றன என்று முதலில் பள்ளியில் கேளுங்கள்.

எப்போது பழுதுபார்க்காமல் விடுவது என்பதும் நேர்மையாகப் பேசவேண்டிய விஷயம். கணினியின் இன்றைய மறுவிற்பனை விலையில் பாதிக்கு மேல் செலவாகும் என்றால் நான் தயங்குவேன். அதற்காக உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். திரை மட்டும் கெட்ட கணினி, பழைய மானிட்டர் ஒன்றோடு இணைந்தால், வீட்டு மேசையில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். உற்பத்தியாளரே அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற திட்டம் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. கடைத்தொகுதிகளில் உள்ள மின்கழிவுத் தொட்டிகள் மடிக்கணினியையும் ஏற்கின்றன. ஃபிரான்ஸில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினிகளை விற்கும் இடத்தில் பழுதுபார்க்கும் எளிமைக்கான மதிப்பெண்ணைக் காட்ட வேண்டும் என்ற விதி வந்தது. வாங்கும் நாளிலேயே அந்த எண்ணைப் பார்க்கும் வாய்ப்பு இங்கும் கிடைத்தால், 782 வெள்ளித் தாள்கள் குறையும் என்று நம்புகிறேன்.

கடையில் விடுவதென்று முடிவானால், முதலில் தொலைக்காட்சியோடு இணைத்துக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். திரையைச் சோதிக்கப் பயாஸ் பக்கமே போதும். பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, பழுதுபார்க்கச் சம்மதித்தால் அது மொத்தத் தொகையில் கழிக்கப்படுமா, போடப்போகும் பேனல் புதியதா அல்லது வேறொரு கணினியிலிருந்து கழற்றியதா, வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றை எழுதி வாங்குங்கள். திரும்ப எடுக்கும்போது முழு வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஓரங்களைப் பாருங்கள். முழுக் கறுப்பில் ஒளி கசிகிறதா என்று பாருங்கள். கேமராவையும் வைஃபையையும் இயக்கிப் பாருங்கள், ஏனெனில் அவற்றின் கம்பிகளும் அதே கீல் வழியாகத்தான் போகின்றன. மூடியைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கழற்றிய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். சிம் லிம் கடை இளைஞர் நான் கேட்கும் முன்பே என் பழைய கேபிளைச் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பாகத்தின் எண்ணும் மூன்று மாத உத்தரவாதமும் எழுதிய ரசீதோடு நீட்டினார்.